ஆவணியில் விதை, மார்கழியில் போர்வை

தில்லியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் மொட்டைமாடியில், குவார்ட்டர்ஸ் முற்றத்தில், வீட்டை ஒட்டிய மனையில் செடி வளர்க்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆவணி முடிகிற நேரம். வெயில் இன்னும் தணியவில்லை, மழையும் முழுசாக விடவில்லை. குளிரைப் பற்றி இப்போதே என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் மார்கழியில் தோட்டம் எப்படி இருக்கும் என்பது இந்த நான்கு வாரங்களில்தான் முடிவாகிறது.

மயூர் விஹார் வாசகி: மாடியில் வெண்டை, கொத்தவரை, புடலை எல்லாம் இன்னும் காய்க்கின்றன. பிடுங்க மனசு வரவில்லை. ஆனால் குளிர்காலக் காய்களுக்குத் தொட்டி வேண்டும். எதை எப்போது எடுப்பது, எதை எப்போது விதைப்பது?

பின்னாலிருந்து எண்ணுங்கள். தில்லியில் இரவு வெப்பம் செப்டம்பர் கடைசியில் 23, 24 டிகிரி இருக்கும். அக்டோபர் கடைசியில் 16, 17 ஆகும். நவம்பர் கடைசியில் 10, 11. டிசம்பர் கடைசியில் 7, சில நாள் அதற்கும் கீழே. டிசம்பர் 21-ஐ ஒட்டிப் பகல் நேரமே 10 மணி 20 நிமிடம்தான். அதனால் டிசம்பர் 15-க்குப் பிறகு எந்தச் செடியும் அவசரப்பட்டு வளராது. அதற்குள் முக்கால்வாசி வளர்ந்துவிட்ட செடி, இருக்கிற இலையை வைத்துக்கொண்டு ஜனவரி முழுக்கக் கொடுக்கும். அரைகுறையாக நிற்கும் செடி பிப்ரவரி வரை அப்படியே நிற்கும்.

இந்தக் கணக்கில் முதலில் இறங்க வேண்டியது கேரட். நாட்டுச் சிவப்புக் கேரட்டுக்கு 85 முதல் 90 நாள் தேவை. புசா ருதிரா போன்ற சிவப்பு ரகத்தைச் செப்டம்பர் நடுவில் விதைத்தால் டிசம்பர் நடுவில் எடுக்கலாம். ஆரஞ்சு நிற நான்டெஸ் வகைக்கு இந்த வெயில் ஆகாது, அக்டோபர் நடுவில் போடுங்கள். முள்ளங்கி 40, 45 நாளில் வந்துவிடும் என்பதால் அவசரமில்லை. ஆனால் ரகம் பார்த்து வாங்க வேண்டும். புசா சேத்கி வெயில் காலத்துக்கானது, அது ஆகஸ்ட் வரைதான். அக்டோபரிலிருந்து ஜாப்பனீஸ் ஒயிட் போடலாம். கடைக்காரர் வெறும் 'மூலி' என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தால், அதில் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வெயில் கால ரகத்தை நவம்பரில் விதைத்தால் கிழங்கு பருக்காமல் பூத்து நிற்கும்.

கொத்தமல்லியை ஆவணி வெயிலில் போட்டு ஏமாறுபவர்கள் அதிகம். மண் சூட்டில் பாதி முளைக்காது, முளைத்தது சீக்கிரம் பூத்துவிடும். அக்டோபர் முதல் வாரம் வரை பொறுங்கள். விதையை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து, 12 மணி நேரம் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் 8, 10 நாளில் தலை காட்டும். 15 நாளுக்கு ஒரு தொட்டி என்று நவம்பர் நடுவரை விதைத்துக்கொண்டே வந்தால் தை மாதம் முழுக்க ரசத்துக்குப் பஞ்சமில்லை. டிசம்பரில் விதைத்தால் முளைக்கவே மூன்று வாரம் ஆகும். பாலக், வெந்தயம் இரண்டும் செப்டம்பர் கடைசியில் தொடங்கலாம். பாலக்கை 30 நாளில் முதல் அறுப்பு, தரையிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். அடியோடு அறுத்தால் குருத்தும் போய்விடும். பட்டாணிக்கு அக்டோபர் நடுப்பகுதி. அதற்கு முன்னால், பகல் 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது போட்டால் முளைத்த செடி மண்ணை ஒட்டிய இடத்தில் அழுகிச் சாயும். பூண்டை அக்டோபரில் 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். அது ஏப்ரல் வரை தொட்டியைப் பிடித்துக்கொள்ளும், அதை நினைவில் வைத்து இடம் ஒதுக்குங்கள்.

இனி எடுக்க வேண்டியவை. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடியை இன்றே பிடுங்கிவிடுங்கள். நல்ல செடிகள் அக்டோபர் முதல் வாரம் வரை இருக்கட்டும். ஆரோக்கியமான ஒரு செடியில் இரண்டு காயை முற்றிக் காய விட்டால் அடுத்த மார்ச்சுக்கு விதை ஆகும். கொத்தவரையும் அப்படியே. புடலை இரவு குளிரத் தொடங்கியதும் தானே நின்றுவிடும். அவரையை மட்டும் தொடாதீர்கள். ஆடியில் போட்ட அவரை இப்போது வெறும் இலையும் கொடியுமாகப் படர்ந்து, பூவே இல்லாமல் நிற்கும். 'இது மலடு' என்று தோட்டக்காரர் பிடுங்கச் சொல்வார். பகல் குறையக் குறையத்தான் அவரை பூக்கும். அக்டோபர், நவம்பரில் பூத்து, கடுங்குளிர் வரை காய்க்கும்.

ஒழிந்த தொட்டியை உடனே விதைக்காதீர்கள். மூன்று மாத மழையில் மண் இறுகி, சத்து அடியோடு போயிருக்கும். தில்லியிலிருந்து பருவமழை விலகும் சராசரித் தேதி செப்டம்பர் 25. அதை ஒட்டிய வறண்ட வெயிலில் மண்ணைக் கொட்டி மூன்று, நான்கு நாள் காய விடுங்கள். பிறகு மண் நான்கு பங்கு, மட்கிய சாண எரு மூன்று பங்கு, தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, பதர்பூர் மணல் (கட்டட வேலைக்கு விற்கும் பருமணல்) ஒரு பங்கு. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் வேப்பம் புண்ணாக்கு.

ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. தில்லியில் டிசம்பர் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூனில் கிட்டத்தட்டத் தலைக்கு நேரே இருந்தது. ஒரு மீட்டர் உயரமுள்ள தெற்குக் கைப்பிடிச்சுவர், டிசம்பர் நண்பகலில் ஒன்றேகால் மீட்டர் நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். இப்போது முழு வெயில் படுகிற அந்தச் சுவரோரத் தொட்டிகள் குளிர்காலம் முழுக்க நிழலில் கிடக்கும். விதைக்கும்போதே அவற்றை வடக்குப் பக்கம் நகர்த்தி வைத்துவிடுங்கள்.

ஜனக்புரி வாசகர்: ஊட்டியில் விழுவது போல் தில்லியிலும் உறைபனி விழுமா? எப்போது பயப்பட வேண்டும்?

ஊட்டியைப் போல் அடிக்கடி விழாது. ஆனால் விழும். தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1935 ஜனவரி 16 அன்று மைனஸ் 0.6 டிகிரி பதிவானது. 2006 ஜனவரி 8-ல் 0.2, 2021 ஜனவரி 1-ல் 1.1. இவை காற்றின் வெப்பம். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கும். வானம் தெளிந்து காற்றும் அசையாத இரவில் புல் மட்டத்தில் அதைவிட மூன்று, நான்கு டிகிரி குறைவாக இருக்கும். செய்தியில் 4 டிகிரி என்று சொல்லும் இரவில் உங்கள் தக்காளி இலையின் மேல் பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் 4 டிகிரியை எச்சரிக்கைக் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் குளிர் அலை அறிவிக்க வானிலைத் துறை வைத்திருக்கும் அளவுகளில் ஒன்றும் இதே 4 டிகிரிதான். நஜஃப்கட், சத்தர்பூர் பக்கம் திறந்த வெளியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். நெருக்கமான காலனிகளில் சுவர்கள் பகலில் வாங்கிய சூட்டை இரவில் கொஞ்சம் விடுகின்றன.

எந்த இரவு என்று கண்டுபிடிக்க அனுபவசாலிகள் பார்ப்பது மூன்று. இமயமலையில் பனி கொட்டி, இங்கே லேசாகத் தூறி ஓய்ந்து, வடமேற்குக் காற்று அடித்திருக்க வேண்டும். பிறகு அந்தக் காற்று சாயங்காலம் அடங்க வேண்டும். வானத்தில் மேகம் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த இரண்டு, மூன்று இரவுகள் ஆபத்து. தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும், மேகம் இருந்தால் அது போர்வைபோல் பிடித்துக்கொள்ளும். அடர்ந்த மூடுபனியும் அப்படித்தான். 'கோஹ்ரா' கவிந்த இரவில் நமக்கு நடுங்கும், செடிக்கு அவ்வளவு மோசமில்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிகிற அசைவற்ற இரவுதான் செடிக்கு எதிரி. ஒரு சாதாரண வெப்பமானியைச் செடி உயரத்தில் கட்டிவைத்து, விடியற்காலை சூரியன் வருவதற்குச் சற்று முன் பாருங்கள். இரவின் மிகக் குறைந்த வெப்பம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கவலைப்பட வேண்டிய செடிகள்: தக்காளி, கத்தரி, மிளகாய், அவரை, உருளைக்கிழங்கு இலை, வாழை, பப்பாளி, முருங்கை, கறிவேப்பிலை. முட்டைக்கோஸ், பாலக், வெந்தயம், கேரட், முள்ளங்கி, பூண்டு, வெங்காயம் தாங்கும். பட்டாணிச் செடி தாங்கும், அதன் பூவும் பிஞ்சும் தாங்காது.

துவாரகா வாசகி: பாலித்தீன் ஷீட் போட்டு மூடினோம். காலையில் பார்த்தால் ஷீட் ஒட்டிய இலைகள் எல்லாம் கறுத்திருந்தன. மூடியும் ஏன் இப்படி?

ஷீட் இலையைத் தொட்டதால். மெல்லிய பாலித்தீன் குளிரைத் தடுக்காது. அதன் உட்புறம் முத்து முத்தாக ஈரம் கோத்து, அந்த ஈரம் குளிர்ந்து இலையோடு ஒட்டிவிடும். துணிதான் நல்லது. பழைய பருத்திப் புடவை, நாலு முழ வேட்டி, படுக்கை விரிப்பு எதுவானாலும் சரி. நர்சரிகளில் நெய்யாத வெள்ளைத் துணி கிடைக்கும். மழை வரும் என்று பயந்தால் துணிக்கு மேல் பாலித்தீன் போடலாம்.

நான்கு மூங்கில் குச்சியைச் செடியைவிட அரை அடி உயரமாக நட்டு, துணி இலையைத் தொடாமல் அதன் மேல் போர்த்துங்கள். துணியின் ஓரம் நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும், செங்கல் வைத்து அழுத்துங்கள். சூடு வருவது மண்ணிலிருந்து. குடை போல மேலே போட்டுத் தண்டில் சுற்றிக் கட்டிவிட்டால் மண்ணின் சூடு உள்ளே வராது, போர்த்தியும் பயனில்லை. சாயங்காலம் 5 மணிக்குள், தரையில் சூடு இருக்கும்போதே போர்த்துங்கள். காலை 9 மணிக்கு எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்டால் மண் அன்றைய வெயிலைக் குடிக்காது, அடுத்த இரவுக்குச் சூடு இருக்காது.

தரையில் நட்ட செடிகளுக்கு ஆபத்தான இரவுக்கு முன் பகல் 2 மணிவாக்கில் தண்ணீர் பாய்ச்சுவது பழைய வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது. ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிகச் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் மெல்ல விடும். அதே காரணத்துக்காகச் செடியைச் சுற்றிப் போட்ட வைக்கோல் மூடாக்கை அன்று காலையே விலக்கிவிடுங்கள். மூடாக்கு மண்ணை வெயிலிடமிருந்தும் மறைக்கும், இரவில் மண்ணின் சூடு மேலே வரவும் விடாது. தொட்டிச் செடிகளுக்கு இந்தத் தண்ணீர் வைத்தியம் வேண்டாம். அவற்றைத் தெற்குப் பார்த்த சுவரோரம் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள், வெளி வரிசைத் தொட்டிகளைச் சாக்கால் சுற்றுங்கள்.

ரோஹிணி வாசகர்: ஊர்ப்பக்கம் சருகைக் கொளுத்திப் புகை போட்டுப் பனியை விரட்டுவார்களே, இங்கே செய்யலாமா?

கூடாது. தில்லியில் சருகு, குப்பை கொளுத்துவதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடைசெய்தது, அபராதம் 5,000 ரூபாய். குளிர்காலத்தில் இங்கே மூச்சு விடுவதே பாடாக இருக்கும்போது அந்தப் புகையை நாமும் சேர்க்க வேண்டாம். சிறு தோட்டத்தில் துணிப் போர்வை புகையைவிட நன்றாக வேலை செய்யும். அந்தச் சருகை எருக்குழியில் போடுங்கள், மார்ச்சுக்கு உதவும்.

லோதி காலனி வாசகி: ஒவ்வொரு டிசம்பரிலும் என் கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டிவிடுகிறது. வாடுகிறதே என்று தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன், கடலைப் புண்ணாக்குக் கரைசலும் விடுகிறேன். போன வருஷச் செடி மார்ச்சில் துளிர்க்கவே இல்லை. பனியா காரணம்?

பனி இல்லை, தண்ணீர். இந்தக் கேள்வி எங்களுக்கு வருகிற கடிதங்களில் பாதி. தில்லியில் கறிவேப்பிலை குளிரால் சாவதைவிட, குளிரில் அன்போடு ஊற்றிய தண்ணீரால் சாவது அதிகம்.

இரவு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழ் போனதும் கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. வேர் தண்ணீர் உறிஞ்சுவதும் மிகக் குறைந்துவிடும். கீழ் இலைகள் மஞ்சளாகி ஈர்க்கோடு உதிர்வது அதன் ஓய்வு. மொட்டையாக நின்றாலும் உயிரோடுதான் இருக்கும். அப்போது தினமும் ஊற்றினால் மண் நாள்கணக்கில் சேறாகவே இருந்து வேர் அழுகும். நர்சரியில் வாங்கும் செடி பெரும்பாலும் களிமண் உருண்டையோடு வரும், அது சீக்கிரம் காயாது. மேலே மொட்டை, கீழே அழுகல். மார்ச்சில் துளிர் வராததற்குக் காரணம் அதுதான்.

இப்போதே தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள், தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தொட்டி மாற்றுவதானால் செப்டம்பர் நடுவுக்குள், இல்லையென்றால் மார்ச்சில். செப்டம்பருக்குப் பிறகு கிளை வெட்டாதீர்கள். வெட்டிய இடத்தில் இளந்துளிர் வரும், குளிர் முதலில் அதைத்தான் தின்னும். கடைசி உரம் அக்டோபர் முதல் வாரம். அதற்குப்பின் புண்ணாக்கு வேண்டாம், குளிரில் அது மட்காமல் மண்ணிலேயே பூஞ்சை பிடித்துக் கிடக்கும்.

டிசம்பர், ஜனவரியில் ஒரு ஊதுபத்திக் குச்சியை மண்ணில் நான்கு அங்குலம் குத்தி எடுங்கள். ஈர மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். காய்ந்து வந்தால் மட்டும் 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு லிட்டர், காலை 11 மணிக்கு மேல். இப்படிப் பார்த்தால் 10, 12 நாளுக்கு ஒருமுறைதான் வரும். இலையை நனைக்க வேண்டாம். குளிர் அலை நாட்களில் இரவு துணி போர்த்துங்கள்.

ஹோலியை ஒட்டித் துளிர் தெரிந்ததும் நுனிகளை ஒரு சாண் வெட்டி, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். பிறகு 100 கிராம் கடுகுப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து 15 நாளுக்கு ஒருமுறை விடலாம்.

மஞ்சள் என்றாலே குளிர் என்று எண்ணிவிடவும் கூடாது. இப்போது, ஆவணியில், புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச் சத்துக் குறை. நம் குழாய்த் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் மண்ணை அப்படி ஆக்குகின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ஃபெர்ரஸ் சல்ஃபேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சுவரில் படாமல் பாருங்கள், துருக்கறை போகாது.

ஆர்.கே.புரம் வாசகர்: காலிஃபிளவர் போன வருஷம் எலுமிச்சை அளவில் பூ விட்டு நின்றுவிட்டது. உரம் போதவில்லையா?

உரமும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் ரகம் மாறியதுதான். காலிஃபிளவரில் ஒவ்வொரு ரகமும் ஒரு வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. முன்பட்ட ரகத்தைத் தாமதமாக நட்டால், செடி வளர்வதற்குள் அதற்கான குளிர் வந்துவிடும். சின்னச் செடியிலேயே பொத்தான் போலப் பூ வைக்கும். பின்பட்ட ரகத்தை அவசரப்பட்டு நட்டால் இலை இலையாக வளர்ந்துகொண்டே போகும். இப்போது நாற்றுவிட ஏற்றது பின்பட்ட ரகம். புசா ஸ்நோபால் கே-1 அந்த வகை. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாள் நாற்றை நடுங்கள். நர்சரியில் தடித்த தண்டோடு கிடக்கும் 45 நாள் நாற்றை வாங்காதீர்கள், அதுவும் பொத்தான்தான் வைக்கும். நட்ட முதல் மாதம் செடி வாடினாலும், தழைச்சத்துக் குறைந்தாலும் அதே கதி.

புசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் தகவல் மையத்தில் ரகத்தின் பெயரோடு விதை கேட்டு வாங்கலாம். தெருவோர 'கோபி' நாற்றில் அந்த உறுதி கிடையாது.

தரையில் ஒன்றரை அடி இடைவெளி, தொட்டியில் 14 அங்குலத்துக்கு ஒரு செடி. பூ கோழிமுட்டை அளவு ஆனதும் வெளி இலைகளை மேலே சேர்த்து லேசாகக் கட்டுங்கள், வெயில் பட்டால் பூ மஞ்சளாகும். கட்டு உள்ளே காற்று போகிற அளவு தளர்வாக இருக்கட்டும். பூவில் பழுப்புத் திட்டும் தண்டுக்குள் பொந்தும் தெரிந்தால் போரான் குறை. லிட்டருக்கு 2 கிராம் போராக்ஸ், நட்ட மூன்றாம் வாரமும் ஐந்தாம் வாரமும் தெளித்தால் போதும்.

முனிர்க்கா வாசகி: ஜனவரியில் தக்காளிப் பூவெல்லாம் உதிர்கிறது. இருக்கிற பச்சைக் காய்களை என்ன செய்வது?

இரவு 12, 13 டிகிரிக்குக் கீழ் போனால் சாதாரணத் தக்காளியில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். மருந்து இல்லை. புசா ஷீத்தல் என்ற ரகம் 8 டிகிரி இரவிலும் பிஞ்சு பிடிக்கும், குளிர்கால மாடிக்கு அதுதான் சரி. மற்ற ரகங்களில் டிசம்பர் தொடக்கத்திலேயே நுனிப் பூங்கொத்துகளைக் கிள்ளிவிட்டால், இருக்கும் காயாவது பருக்கும்.

குளிர் அலை அறிவித்ததும் முழு அளவு வளர்ந்த பச்சைக் காய்களைப் பறித்துவிடுங்கள். வெட்டிப் பார்த்தால் விதையைச் சுற்றி வழவழப்பு வந்திருக்க வேண்டும், விதையே வெட்டுப்படும் காய் பழுக்காது. அதைக் கூட்டுக்கோ துவையலுக்கோ வைத்துக்கொள்ளலாம். மற்றதைத் துடைத்து, ஒரு அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு சமையலறையில் வையுங்கள். பத்து, பதினைந்து நாளில் நிறம் மாறும். பச்சைக் காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிர் பட்டால் பிறகு வெளியே எடுத்தாலும் பழுக்காமல் பள்ளம் விழுந்து அழுகும்.

கரோல் பாக் வாசகி: பொங்கலுக்கு மஞ்சள் கொத்து பச்சையாக வேண்டும். தொட்டியில் மஞ்சள் வைத்திருக்கிறேன், ஆனால் தைக்குள் இலை காய்ந்துவிடுகிறது.

மே மாதம் வைத்த மஞ்சள் எட்டு மாதத்தில் தானே முற்றும். குளிர் அதை இன்னும் முன்னதாக முடித்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து தொட்டியைத் தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்து, டிசம்பர் முதல் தேதியிலிருந்து தினமும் இரவு துணி போர்த்துங்கள். 10 டிகிரிக்குக் கீழ் போகும் இரவில் வீட்டுக்குள் எடுத்துவிடலாம். மண் காய்ந்தால் இலை உடனே சுருளும், மேல் மண் காயும்போது ஒரு டம்ளர் போதும். அடுத்த வருஷம் ஒரு தொட்டியை மட்டும் ஜூலை தொடக்கத்தில் வையுங்கள். கிழங்கு சிறிதாக இருக்கும், இலை பொங்கலுக்குப் பச்சையாக நிற்க வாய்ப்பு அதிகம்.

நொய்டா வாசகர்: மல்லிகையைக் கார்த்திகையில் வெட்டலாமா?

ஊரில் வெட்டுவார்கள். இங்கே ஜனவரி கடைசி வரை பொறுங்கள்.

சத்தர்பூர் வாசகர்: வீட்டை ஒட்டி வாழை, பப்பாளி, முருங்கை வைத்திருக்கிறோம். ஒரே இரவில் இலைகள் வெந்ததுபோல் ஆகி, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டன. வெட்டி எடுத்துவிடட்டுமா?

வெட்டாதீர்கள். நீங்கள் சொன்ன அடையாளம் உறைபனிதான். இலைச் செல்களைச் சுற்றி நீர் உறைந்து, செல்லின் மெல்லிய சவ்வுகள் சிதைந்துவிடும். காலையில் வெந்த கீரை போலக் கரும்பச்சையாக, நீர் கோத்துத் துவண்டிருக்கும். வெயில் ஏறியதும் கறுத்து, இரண்டு நாளில் அப்பளம் போல் நொறுங்கும். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் அந்தக் காய்ந்த இலைகள் அடுத்த பனி இரவில் உள்ளே இருக்கும் குருத்துக்குப் போர்வை. பிப்ரவரி கடைசி வரை அப்படியே விடுங்கள்.

அதுவரை உரம் வேண்டாம், தண்ணீரும் குறைவாக. பிப்ரவரி கடைசியில் முருங்கைக் கிளையில் நகத்தால் தோலைக் கீறிப் பாருங்கள். நுனியில் பழுப்பாக இருக்கும், கீழே வர வர ஓரிடத்தில் பச்சை தெரியும். அந்தப் பச்சைக்கு ஒரு விரல் கீழே வெட்டுங்கள். வாழைத் தண்டைக் கையால் அழுத்துங்கள், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. மேலிருந்து சாண் சாணாக அறுத்து வாருங்கள். நடுவில் வெள்ளையாக, ஈரமாக வட்டம் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு, மூன்று நாளில் அந்த நடுவட்டம் சுற்றியுள்ள மட்டையைவிட மேலே எழும்பியிருக்கும், அதுதான் புதுக் குருத்து. எழும்பவில்லை என்றால் தாய்மரத்தை விட்டு, பக்கக்கன்றில் கெட்டியான ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பப்பாளி மட்டும் சந்தேகம்தான். நுனிக் குருத்து அழுகிக் கையோடு வந்தால், தண்டைப் பச்சை உள்ள இடம் வரை அறுத்து, வெட்டிய இடத்தின் மேல் ஒரு பாலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். பப்பாளித் தண்டு உள்ளே பொந்து. தண்ணீர் இறங்கினால் மிச்சமும் அழுகும். அடுத்த குளிருக்கு இளம் பப்பாளிகளைச் சுற்றி நவம்பர் கடைசியில் சர்க்கண்டா புல்லாலோ வைக்கோலாலோ மூன்று பக்கமும் மேலேயும் கூடாரம் கட்டுங்கள். தென்கிழக்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். காலை வெயில் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.